அட்டையில் இருபத்தொரு டன்

செப்டம்பர் 28, திங்கள்

இன்று காலை மாப்பிள்ளை வந்து இறங்கினார். இறங்கிய அதிர்ச்சியில் ஹாங்கர் கண்ணாடி இரண்டு உடைந்தது. (ஒன்று. அதுவும் முன்பே விரிசல் விட்டிருந்தது.)

மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததே நான்தான். நம் ராணுவத்துக்குச் சொந்தமாகப் பெரிய சரக்கு விமானம் கிடையாது. பதினாறு டன்னுக்கு மேல் எதைத் தூக்குவதென்றாலும் வெளிநாட்டுக் கம்பெனியின் விமானத்தை வாடகைக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் உடனே வராது. வந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். நிழலான இடம் அதற்கு, முதல் எண்ணெய் வண்டி அதற்கு. ஏதாவது குறை பட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய் மாதக் கணக்கில் தலை காட்டாது. வேறு என்ன பெயர் வைப்பது?

நமக்கென்று இருப்பவை மூன்று பழைய விமானங்கள். நாலு காற்றாடி வைத்தவை. அவற்றுக்குக் கழுதை என்று பெயர். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, எனக்கு முன்பே இருந்தது. ஆனாலும் பொருத்தம்தான். பதினாறு டன் வரை வாய் திறக்காமல் சுமக்கும்.

நான் சுமை மேஸ்திரி. எடை போடுவது, அட்டை எழுதுவது, ஏற்றுவது, சங்கிலி போட்டு இறுக்குவது எல்லாம் என் கை. இருபத்தாறு வருஷம். என் சங்கிலி ஒன்றுகூட வானத்தில் அவிழ்ந்ததில்லை. இதை நான் அளந்து சொல்லவில்லை, இது மட்டும் அப்பட்டமான உண்மை.

மாப்பிள்ளையோடு வரும் சுமைக்காரன் ஒரு தாடி. ஏழடி உயரம். அவன் கையை நான் குலுக்கினால் அவனுக்கு வலிக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.
"என்ன எழுதுறீங்க?"
"சரித்திரம்."
"பாதி பக்கத்தோட நிறுத்திக்குங்க. நீங்க சொல்றதுல பாதியக் கழிச்சிட்டுத்தான் நான் கேக்குறது. படிக்கிறவங்களுக்கும் அந்த வேலை மிச்சம்."

அக்டோபர் 2, வெள்ளி

மலை முகாமிலிருந்து மிளகாய் பேசினாள். மிளகாய் என்றால் அக்காவின் மகள், ராணுவ டாக்டர், அந்த முகாமுக்கு அவள் ஒருத்தியே டாக்டர். குளிரில் மருந்து பாட்டில் உறைகிறதாம். "உன் வாயைத் திறந்து ஊது, உருகிடும்" என்றேன். "உங்க வாய் அளவுக்கு என் வாய் சூடில்ல மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5, திங்கள்

மலையில் சரிவு.

முகாமுக்கு வண்டிப் பாதையே கிடையாது, எல்லாம் விமானத்தில்தான். மேலே ஒரு சின்ன ரன்வே இருக்கிறது. அங்கே இறங்கி மூன்று கிலோமீட்டர் வண்டியில் போனால் முகாம். சரிந்த மலை சரியாக அந்த மூன்று கிலோமீட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ரன்வேக்கு ஒன்றும் ஆகவில்லை, முகாமுக்கும் ஆகவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. பாறை மேல் ஏறி இறங்கி மனிதன் மட்டும் போகலாம்.

மேலே இருநூற்று நாற்பது பேர். குளிர்காலத்துக்கான எரியெண்ணெய் இன்னும் போகவில்லை. நவம்பர் பாதியில் பனி விழும். அதற்குள் பீப்பாய்கள் முகாமுக்குப் போகவில்லையென்றால்—

எழுத வேண்டாம். அக்கா இந்த நோட்டைப் பார்த்தாலும் பார்ப்பாள்.

அக்டோபர் 8, வியாழன்

வழி கண்டுபிடித்தாயிற்று. நம் தளத்தில் 'மஞ்சள்' நிற்கிறது, பாறை தள்ளும் புல்டோசர். அதை மேலே இறக்கிவிட்டால் பத்து நாளில் பாதை. கூட்டத்தில் இந்த யோசனையைச் சொன்னதே நான்தான். (கமாண்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் முதலில் ஆட்டிய தலை என்னுடையது.)

அட்டைக் கிளார்க் ஒருவர், பெயர் கண்ணாடி. மூக்கிலும் கண்ணாடி, நெற்றியிலும் ஒரு கண்ணாடி. அவர் அட்டையை எடுத்து வாசித்தார்: "மஞ்சள். இருபத்தொரு டன்." கழுதைக்குப் பதினாறு. ஆகவே மாப்பிள்ளை.

கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட் கோட்டுக்காரர். வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். "பதினாலாம் தேதி விமானம் இங்க நிக்கும்" என்று அடித்துச் சொன்னார்.

அக்டோபர் 14, புதன்

நிற்கவில்லை.

அக்டோபர் 15, வியாழன்

விமானம் வேறு ஒரு நாட்டுக்குப் போய்விட்டதாம். அவர்களும் வாடகைக்காரர்களாம், முன்பே சொல்லி வைத்தார்களாம். இனி இருபத்திரண்டாம் தேதி. மஞ்சளைக் கழுவித் துடைத்து ரன்வே ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம், பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன மாதிரி.

அக்டோபர் 22, வியாழன்

வரவில்லை. இந்த முறை விமானத்துக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. அந்த மலைப் பக்கம் போவதற்கு அவர்களுடைய காப்பீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமாம். சம்மதித்தால் இருபத்தொன்பதாம் தேதி வருமாம். காப்பீட்டுக்காரர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கோட்டுக்காரருக்கே தெரியவில்லை.

"ஏங்க, எங்க பிள்ளைங்க மேல இருக்காங்க. போகலாமா வேணாமான்னு சொல்றவன் யாரு? அவன் எங்க ஆளா?"

"விமானம் எங்களுது, மேஸ்திரி."

"மலை எங்களுது!"

கூட்டத்தில் நாற்பது பேர் கை தட்டினார்கள். (யாரும் தட்டவில்லை. ஆனால் ஓட்டுநர் ஒருவர் இருமினார், அது ஆமோதிக்கிற இருமல்.)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? "மாப்பிள்ளை வேணாம். நம்ம கழுதையிலயே மஞ்சளை ஏத்திக் காட்டறேன்" என்றேன்.

கமாண்டர் சத்தமே போட மாட்டார். அதுதான் அவரிடம் பயம். "இருபத்தொண்ணுலேர்ந்து பதினாறு போனா என்ன மேஸ்திரி?"

"அஞ்சு சார்."

"அந்த அஞ்சு டன்னை நீங்க தோள்ல தூக்கிட்டு வருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த எண்ணிக்கையில் தப்பில்லை, எல்லோரும்தான்.

அக்டோபர் 23, வெள்ளி

மிளகாய் பேசினாள். கழுதை ரன்வேயில் இறக்கும் எண்ணெயை முதுகில் சுமந்து பாறை மேல் கடக்கிறார்களாம். ஒரு ஆளுக்கு இருபது கிலோ. நேற்று ஒருவன் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அவனை ஹெலிகாப்டரில் கீழே அனுப்பினாள். கூடவே அவளையும் ஏறச் சொன்னார்களாம். அவள் ஏறவில்லை.

"ஏண்டி ஏறல?"

"ஏறினா அடுத்த தொடையை யாரு கட்டுறது? அது கிடக்கட்டும். ஒரு டன்னுக்கு எத்தனை முதுகு மாமா? நீங்கதான் டன் கணக்குல ஆளாச்சே."

அம்பது முதுகு என்று சொன்னேன். குளிர்காலம் தாண்ட எண்பது டன் வேண்டுமாம். அவள் பெருக்கிப் பார்த்திருப்பாள். நான் பேசாமல் இருந்தது அவளுக்கே பயமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 25, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா பரிமாறுகிறாள், ஆனால் யார் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எனக்கு மூன்று முறை சோறு விழுந்தது. அவளைத் தேற்றுவதற்காக மஞ்சள் எப்பேர்ப்பட்ட மிருகம், அதனால்தான் இவ்வளவு சிக்கல் என்று எடுத்துச் சொன்னேன். "சும்மாவா? இருபத்தொரு டன்னு! நானே எடை போட்டு என் கையால அட்டை எழுதினேன்."

வீட்டுக்காரி தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "நீங்களா எழுதினீங்க? அப்போ பாதியக் கழிங்க" என்றாள்.

அக்காகூடச் சிரித்தாள். மூன்று வாரம் கழித்து முதல் தடவை.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 25, மாலை

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு மஞ்சள் புதிதாக வந்தபோது, வேறொரு வேலைக்கு அதை அனுப்ப மாப்பிள்ளை வந்திருந்தார். நான் எடை போட்டேன். தட்டில் வந்தது பதினேழு சொச்சம். தாடி மஞ்சளைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு என்னைப் பார்த்துச் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். இவ்வளவுதானா, இதற்கா என்னைக் கூப்பிட்டீர்கள், என்கிற மாதிரி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அட்டையில் இருபத்தொன்று என்று எழுதினேன். உதிரிச் சாமான் பெட்டியைச் சேர்த்தேன். பாதுகாப்புக்கு ஒன்று கூட்டினேன். மானத்துக்கு இரண்டு கூட்டினேன். பிறகு வெள்ளைப் பெயிண்டால் மஞ்சளின் இடுப்பிலும் பெரிதாக எழுதினேன்.

அன்று முதல் யாரும் அதை எடை போட்டதில்லை. எதற்குப் போட வேண்டும்? அட்டையில்தான் இருக்கிறதே. நான்கூட நம்பிவிட்டேன்.

அக்டோபர் 26, திங்கள்

பதினேழா? பதினெட்டா? பதினேழரையா? எனக்கே நினைவில்லை. இந்தக் கதையை இருபத்தொன்று இருபத்தொன்று என்று ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி உள்ளே இருந்த நிஜ எண் தேய்ந்தே போய்விட்டது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி எடைத் தட்டு.

கண்ணாடியிடம் போனேன். "மஞ்சளை மறுபடி எடை போடணும்."

"எடை இருக்கே."

"இருக்கறது தப்பா இருந்தா?"

"தப்புன்னா எழுதினவர் வந்து, ஏன் தப்புன்னு எழுதி, கையெழுத்து போடணும். எழுதினவர் யாரு..." இரண்டு கண்ணாடியையும் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். "நீங்கதான்."

"பெயிண்ட் அழிஞ்சிருக்கான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கோழை. நான்தான்! மாப்பிள்ளையை ஒற்றை விரலில் நிறுத்துகிறவன்!

மஞ்சள் அங்கேயே நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இடுப்பில் என் எழுத்து.

அக்டோபர் 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கமாண்டர் அறையில் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "சார், அந்த இருபத்தொண்ணு பொய்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"என்ன பொய்?"

"நான் கூட்டி எழுதினது. மூணு டன்னு, மூணரை டன்னு இருக்கும்."

"எதுக்கு?"

ஒரு நல்ல காரணம் சொல்லியிருக்கலாம். காரணம் ஜோடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? வாய்க்குள் ஆறேழு வந்து நின்றன. "பெருமைக்கு சார்" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக மஞ்சளைப் பார்த்தார். பிறகு, "மூணு வாரமா அந்தப் பிள்ளைங்க முதுகுல சுமக்குறாங்க" என்றார். சத்தமே போடவில்லை. அவர் அடித்திருந்தால் தேவலை.

"தெரியும் சார். அதுல ஒண்ணு எங்க அக்கா பொண்ணு. தண்டனை என்ன வேணும்னாலும் குடுங்க, வேணாங்கல. ஆனா அது நாளைக்கு. இன்னிக்கு எடைத் தட்டு குடுங்க. தப்பா எழுதின கையாலேயே சரியா எழுதிட்டு அப்புறம் போறேன். இல்லேன்னா நகர மாட்டேன், காவலைக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நான் தொண்ணூறு கிலோ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுவாவது நிஜமா?"

"எண்பத்திரண்டு சார்."

படிவத்தைக் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'நான் வேண்டுமென்றே அதிகமாக எழுதினேன். வேறு யாருக்கும் பங்கில்லை.' எட்டாம் வகுப்பில் பாதியோடு வந்தவன், எழுத்துப் பிழை இருக்கும். பொருள் பிழை இல்லை.

அக்டோபர் 28, புதன்

நாலு தட்டு, நாலு மூலையில். மஞ்சளை ஊர்ந்து ஏறவிட்டோம். தளமே திரண்டு வந்து நின்றது, என் மானம் எத்தனை டன் என்று பார்க்க. கோட்டுக்காரரும் வந்துவிட்டார், கழுதையில் ஏற்றப் பேச்சு நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு கோப்பு.

முள் ஆடி ஆடி நின்றது. கண்ணாடி கூட்டி வாசித்தார்: "பதினேழு டன் முந்நூத்தி நாப்பது கிலோ."

கோட்டுக்காரர் தன் கோப்பைப் புரட்டி, "ஆமா, சரியா இருக்கு" என்றார்.

கமாண்டர் திரும்பினார். "எதோட சரியா இருக்கு?"

கோட்டுக்காரர் வாயை மூடினார். மூடினால் விடுவோமா? கோப்பை வாங்கிப் பார்த்தால், மஞ்சள் மாப்பிள்ளையில் ஏறிய மூன்று முறையும் தாடி தன் தட்டில் தனியாக எடை போட்டிருக்கிறான். மூன்று முறையும் பதினேழு சொச்சம். ஆறு வருஷமாக அவர்களிடம் நிஜம் இருந்திருக்கிறது.

"நாங்க எங்க எடையைத்தான் நம்புவோம் சார். நீங்க கேக்கல, நாங்க சொல்லல. எப்படியும் உங்க விமானத்துக்கு இது அதிகம்தானே? பதினாறு எங்க, பதினேழு எங்க?"

எனக்கு அந்த இடத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. நம் பொருளின் எடை அவனுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? ஒருத்தன் சுண்டு விரலைக் காட்டினான் என்று நான் ரோஷப்பட்டேன். அந்த ரோஷம் அவன் கம்பெனிக்கு ஆறு வருஷம் வேலை பார்த்திருக்கிறது.

"கொழுவைக் கழட்டுங்கடா!" என்று கத்தினேன். முன்னால் பாறை தள்ளும் அந்த இரும்புப் பலகையைத்தான் நாங்கள் கொழு என்போம். எட்டு முளைகள். கழற்றித் தனியாக எடை போட்டோம். இரண்டு டன் தொண்ணூறு கிலோ. கழித்தால் பதினைந்து டன் இருநூற்று ஐம்பது. என் சங்கிலியும் மரப்பலகையும் சேர்த்தாலும் பதினாறுக்குள் நிற்கும். கொழு இரண்டாவது கழுதையில் போகட்டும், மேலே இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளட்டும்.

கமாண்டர் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். "இருபத்தொம்பதாம் தேதிக்கு விமானம் அனுப்பறதா சொன்னீங்கல்ல? அனுப்ப வேணாம்."

"ஒப்பந்தம் இருக்கு சார்..."

"இருக்கட்டும். அதைக் கொண்டு வந்து தட்டுல வைங்க, என்ன எடைன்னு பாப்போம்."

இந்த வசனத்தை நான் சொன்னதாக எழுதலாம் என்று ஆசையாக இருக்கிறது. அவர்தான் சொன்னார்.

நவம்பர் 2, திங்கள்

ஏற்றினோம்.

கழுதையின் வாசலுக்கும் மஞ்சளின் தோளுக்கும் இடைவெளி இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். ஓட்டுநரின் கண்ணை நான் பார்க்க, என் கையை அவர் பார்க்க, விரல் விரலாக உள்ளே எடுத்தோம். சங்கிலி இருபத்திரண்டு. ஒவ்வொன்றையும் நானே இறுக்கினேன், நானே தட்டிப் பார்த்தேன். நல்ல இறுக்கத்தில் சங்கிலி ஒரு சத்தம் கொடுக்கும், அது எனக்குத் தெரியும்.

விமானி ஒல்லியான அம்மா. ஏணியில் கால் வைத்தவர் நின்று கேட்டார். "அண்ணே, இந்தப் பதினஞ்சு இருநூத்தம்பது... உங்க வீட்டுல மாதிரி கழிக்கணுமா, கூட்டணுமா?"

வீட்டுக்காரியின் பேச்சு விமானி வரை போயிருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "தட்டு சொன்னதும்மா. நான் சொன்னது இல்ல" என்றேன். தலையை ஆட்டிவிட்டு ஏறினார்.

கழுதை ரன்வேயின் கடைசி வரை ஓடியது. வேலி வரைக்கும். தூக்குமா? எண் சரிதானே? முள் நன்றாக நின்ற பிறகுதானே வாசித்தோம்? வேலியைத் தாண்டியது. வயிறு வேலியில் உரசியது. (உரசவில்லை. நல்ல உயரத்தில்தான் போனது. ஆனால் நான் மூச்சு விடவில்லை, அது நிஜம்.)

கொழு ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவதில் போனது.

நவம்பர் 4, புதன்

மிளகாய்: "மாமா, கொழு மாட்டியாச்சு. மஞ்சள் பாறையைத் தின்னுது."

நவம்பர் 9, திங்கள்

ஓலை வந்துவிட்டது. சுமை மேஸ்திரி பதவி போய்விட்டது. இனி எடை அறை. இருபத்தாறு வருஷத்தில் நான் எழுதிய அட்டைகளில் இன்னும் புழக்கத்தில் இருப்பவை அறுபத்தொன்று. எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டுத் திருத்தி எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து. கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

வீட்டில் சொன்னேன். அக்காவும் இருந்தாள். "என்னால உன் வேலை போச்சேடா" என்று கண் கலங்கினாள்.

"உன்னாலயா? என் வாயால போச்சு. அதுவும் போகல, அறை மாறியிருக்கு. வெயில் இல்ல, மின்விசிறி இருக்கு. யாருக்குக் கிடைக்கும்?"

வீட்டுக்காரி சாப்பாட்டில் எனக்கு முதலில் வைத்தாள்.

நவம்பர் 13, வெள்ளி

பாதை திறந்துவிட்டது. எண்ணெய் வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. மிளகாய் போனைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாள். சாதாரண லாரிச் சத்தம்தான். நானும் அக்காவும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

நவம்பர் 16, திங்கள்

மேலே பனி விழ ஆரம்பித்துவிட்டது. கடைசி எண்ணெய் நேற்றே முகாமுக்குள் போய்விட்டது.

டிசம்பர் 3, வியாழன்

இதுவரை நாற்பத்து நாலு அட்டை. மாப்பிள்ளை இல்லாமல் ஆகாது என்று இருந்த சாமான்களில் பதினொன்று கழுதைக்கே அடங்குகிறது. ஆறு, கழற்றினால் அடங்கும். கமாண்டர் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார், நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரி கேட்டாள். "இன்னிக்கு எத்தனை ஆச்சு?"

"நாலு."

ஒரு நொடி நின்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலா" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். கழிக்கவில்லை.

டிசம்பர் 8, செவ்வாய்

காலையில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். நிஜமாகவே பெரிய சுமை ஒன்று, நாற்பது டன்னுக்கு மேல், அதைக் கழுதையில் ஏற்ற முடியாது. ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது. கண்ணாடி எழுந்து வெளியே பார்த்தார். தாடி இறங்கி வந்து எடை அறை வாசலில் நின்றான், என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"என்னங்க, உங்க ஆளு கூப்பிடுறாரு" என்றார் கண்ணாடி.

தட்டில் ஒரு ஜெனரேட்டர் ஏறியிருந்தது. பழைய அட்டையில் என் எழுத்தில் ஒன்பது டன்.

"நிக்கச் சொல்லுங்க. முள் இன்னும் ஆடுது."

ஏழு டன் எண்ணூற்று அறுபது. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தேன்.